கடைத்தெரு பழைய பேங்க் கட்டடம்: முகப்பில் 1934, உள்ளே எத்தனை வயசு?

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 9:12

வணக்கம். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். தஞ்சாவூர் – திருவாரூர் ரயில் பாதையில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். கடைத்தெரு முனையில் இருந்த பேங்க், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய இடம் பூட்டிக் கிடக்கிறது. போர்டைக் கழற்றிக்கொண்டு போனதால் இத்தனை வருஷமாக அதற்குப் பின்னால் இருந்த முகப்பு இப்போதுதான் கண்ணில் படுகிறது.

கைப்பிடிச் சுவர் நடுவில் சுதையில் ஒரு கஜலட்சுமி. இடப்பக்க யானைக்குத் துதிக்கை இல்லை. போர்டுக்குக் கிளாம்பு அடிப்பதற்காக யாரோ உடைத்திருக்கிறார்கள். லட்சுமியின் காலடியில் 1934 என்று எழுதியிருக்கிறது.

சின்ன வயதில் அப்பாவோடு அங்கே போவேன். எனக்கு ஞாபகம் இருப்பது தரைதான். கேஷ் கவுண்டருக்கு முன்னால் காவித் தரை தாம்பாளம் மாதிரிக் குழிந்திருக்கும். கூட்டம் இல்லாத நாளில் அதில் ஒரு கோலிக்குண்டை விட்டால் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து நிற்கும்.

இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையிலேயே 1934தானா? பேங்க்குக்காகக் கட்டியதா, வேறு ஏதாவதாக இருந்ததா?

கொத்துக்கரண்டி | சனி, இரவு 10:03

முகப்பில் போட்ட வருஷம் முகப்புக்குத்தான் சொந்தம். அதை வைத்துக் கட்டடத்துக்கு ஜாதகம் எழுதாதீர்கள். நம் பக்கத்தில் பழைய வீட்டுக்கு முன்னால் புது முகப்பு வைத்து வருஷம் போடுவது சர்வசாதாரணம்.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தெருவோரச் சுவரின் கனம், உள்சுவரின் கனம். இரண்டும் ஒன்றா, வேறா? முன்பக்கக் கூரை என்ன, பின்பக்கக் கூரை என்ன? பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிகிற செங்கல்லின் நீள அகலம். கடைசியாக, அந்த உடைந்த துதிக்கையை நெருங்கி ஒரு படம் எடுங்கள். உள்ளே வெள்ளையா, சாம்பலா?

பாசஞ்சர்_வண்டி | ஞாயிறு, காலை 7:40

நான் பக்கத்து ஊர்க்காரன். நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன், பின்பக்கச் சந்து வழியாக. கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்து விழுந்து கிடந்த ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அடியில் 'பாசல் மிஷன்' என்றும் 1865 என்றும் அச்சு இருக்கிறது!!! ஆக 1934 எல்லாம் சும்மா. கட்டடத்துக்கு வயது 150ஐத் தாண்டிவிட்டது. நாகப்பட்டினம் – தஞ்சாவூர் ரயிலே 1861இல்தான் வந்தது என்றால் யோசித்துப் பாருங்கள்.

கொத்துக்கரண்டி | ஞாயிறு, காலை 8:15

அந்த 1865 நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது தம்பி. மங்களூரில் ஜெப்பு என்ற இடத்தில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் ஓட்டு ஆலை ஆரம்பித்த வருஷம் அது. அதையே அச்சில் வெட்டி, பிறகு எத்தனையோ வருஷம் அடித்த ஓட்டிலும் போட்டார்கள். மிட்டாய்க் கடைப் பெட்டியில் 'நிறுவியது' என்று ஒரு வருஷம் இருக்குமே, அந்த மாதிரி. பெட்டிக்குள் இருக்கும் அல்வா அந்த வருஷத்து அல்வா இல்லை.

ஆனால் உங்கள் ஓடு வேறு வகையில் உதவும். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் மிஷன் கையை விட்டு 'காமன்வெல்த் டிரஸ்ட்' என்ற கம்பெனிக்குப் போயின. அதற்கப்புறம் வந்த ஓட்டில் பெயரும் மாறியது. அதனால் பாசல் மிஷன் பெயர் உள்ள ஓடு பெரும்பாலும் போருக்கு முந்தையது. பின்கட்டு 1934க்கு முன்பே நின்றிருக்கிறது என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. சந்தேகம்தான், முடிவில்லை. பழைய ஓட்டை வாங்கிப் போட்டிருக்கவும் முடியும்.

பாசஞ்சர்_வண்டி | ஞாயிறு, காலை 8:31

சரி, என் 150 வருஷம் போச்சு. ஓடு என்னிடம்தான் இருக்கிறது, வீட்டுக்காரர் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம்.

டோக்கன்_27 | ஞாயிறு, பகல் 12:50

அந்தக் கிளையில் நான் 1981 முதல் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். வங்கிப் பெயர் வேண்டாம், உள்ளே எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தெருவில் இருந்து ஐந்து படி. ஏறினால் முன்ஹால், அகலம் ஒன்பதடிதான் இருக்கும். அதைத் தாண்டி ஒரு குறுகலான ரேழி. நெட்டையானவர்கள் தலை குனிந்துதான் வர வேண்டும். ரேழி முடிந்தால் பெரிய கூடம், நடுவில் நாலு மரத்தூண். தூண்களுக்கு நடுவே ஒரு காலத்தில் முற்றம் இருந்திருக்கிறது. மண் கொட்டி மேடாக்கி, காவித் தரை போட்டு, மேலே தகரமும் கண்ணாடியும் வைத்து மூடிவிட்டார்கள். சரியாக அந்த இடத்தில்தான் கேஷியர் கூண்டு. ஐப்பசி அடைமழையில் தகர இடுக்கு வழியாக ஒழுகும். கேஷியர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோட்டு எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். மழை விழ வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும் என்பார் எங்கள் பியூன்.

வெண்ணாற்றங்கரை சொன்ன குழி அந்தக் கூண்டுக்கு முன்னால் இருந்ததுதான். தேய்ந்தது பாதி, இறங்கியது பாதி. கொட்டிய மண் சரியாகக் கெட்டிப்படவில்லை.

ஸ்ட்ராங் ரூம் கூடத்துக்கு மேற்கே, சந்துப் பக்கம். அதில்தான் ஒரு விசித்திரம். அந்த அறையின் தரை மட்டும் கூடத்தை விட இரண்டடி உயரம். ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே கையளவு ஓட்டை ஒன்று, அதற்கும் கம்பி. தினமும் காலையில் மேனேஜர் சாவி ஒன்று, கேஷியர் சாவி ஒன்று, இரண்டையும் போட்டால்தான் கதவு திறக்கும். திறந்ததும் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டடியை இறங்க வேண்டும். கால் கட்டைவிரலில் அடிபடாத ஊழியர் அந்தக் கிளையில் இல்லை. ஏன் இப்படி உயர்த்திக் கட்டினார்கள் என்று பல மேனேஜர்களிடம் கேட்டிருக்கிறேன். 'வெள்ளம் வந்தால் பணம் நனையக்கூடாது' என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெள்ளத்துக்குப் பயந்தால் கூடத்தையே உயர்த்தியிருக்க வேண்டும்.

அப்புறம் என் பெயர். பித்தளை டோக்கன்தான் அது. செக்கைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவோம், கேஷியர் நம்பரைக் கூப்பிடுவார். 27 தொலைந்துபோய், 26க்கு அப்புறம் 28 என்று வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வருகிற ஆடிட்டர் எல்லாரும் அதைக் கேட்பார்கள்.

கொத்துக்கரண்டி | ஞாயிறு, மாலை 4:22

> அந்த அறையின் தரை மட்டும் கூடத்தை விட இரண்டடி உயரம்

சார், இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் இல்லாத, தரை உயர்ந்த, கனத்த சுவர் கொண்ட அறை. டெல்டா வீட்டில் அது நெல் அறைதான். பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி) வைக்கிற உள். ஓதம் ஏறக்கூடாது என்று தரையை உயர்த்துவார்கள், எலி வரக்கூடாது என்று ஜன்னல் வைக்க மாட்டார்கள், காற்றுக்கு மட்டும் மேலே ஒரு துவாரம். பணத்தைப் பூட்டி வைக்க ஒரு அறை வேண்டும் என்று பேங்க் தேடியபோது, வீட்டில் ஏற்கெனவே பாதி ஸ்ட்ராங் ரூம் தயாராக இருந்திருக்கிறது. கதவை மாற்றி, சுவருக்கு உள்பக்கம் இன்னொரு கட்டு கட்டியிருப்பார்கள்.

நெல் அறை என்றால் சந்துப் பக்கம் வண்டி வந்து நிற்க ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும். இருக்கிறதா?

பாசஞ்சர்_வண்டி | ஞாயிறு, மாலை 5:58

இருக்கிறது! இப்போதுதான் மறுபடி போய்ப் பார்த்தேன். சந்துச் சுவரில் ஒரு வாசல் அளவுக்குப் பூச்சின் நிறம் மாறுகிறது. மேலே வளைவு வைத்துக் கட்டிய செங்கல் லேசாகத் தெரிகிறது. கீழே ஒரு கருங்கல் படி மட்டும் சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கேயும் போகாத படி.

துதிக்கைப் படமும் எடுத்தேன். உள்ளே வெள்ளை. பொடிப்பொடியாகக் கிளிஞ்சல் துணுக்கு தெரிகிறது. முன்ஹால் கூரையில் இரும்பு உத்திரம் இரண்டு. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன், ஒன்றில் 'டார்மன் லாங், இங்கிலாந்து' என்று எழுத்து புடைத்திருக்கிறது. பின்னால் முழுக்க மரமும் ஓடும்தான்.

கொத்துக்கரண்டி | ஞாயிறு, மாலை 6:40

அப்படியானால் விஷயம் ஓரளவு தெளிவு. அந்த ஒன்பதடி முன்ஹால்தான் பழைய திண்ணை. 1934இல் திண்ணையை விழுங்கி ஒரு முன்கட்டு வைத்திருக்கிறார்கள். இரும்பு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதற்கு மேலே கைப்பிடிச் சுவர், லட்சுமி, வருஷம். பின்னால் இருப்பது அதை விடப் பழைய முற்றம் வைத்த வீடு. ரேழி அவ்வளவு குறுகலாக இருப்பதும் அதனால்தான். அது வீட்டு ரேழி, நூறு பேர் வந்துபோவதற்கு வைத்ததல்ல.

சுதையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்பதும் காலத்தோடு ஒத்துப்போகிறது. நம் பக்கத்துக்குச் சிமெண்ட் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939இல் வந்த பிறகு. அதுவரைக்கும் கடற்கரைக் காளவாய்ச் சுண்ணாம்புதான்.

மெட்ராஸ் டெரஸ் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உத்திரத்துக்கு மேலே நெருக்கமாகத் தேக்குச் சட்டம் போடுவார்கள். அதன் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்கோணத்தில், நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை பட்டதும் துள்ளி எழ வேண்டும், அதுதான் பதம். கடைசியில் தட்டோடு. ஒழுங்காகச் செய்த டெரஸுக்குக் கீழே சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்காரலாம்.

கடைமடை | ஞாயிறு, இரவு 9:05

கட்டட சாஸ்திரம் எல்லாம் சரி. யாரும் கேட்காத ஒரு கேள்வி: 1934இல் யாரிடம் காசு இருந்தது?

உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை மண்ணைக் கவ்விய நேரம் அது. டெல்டாவில் கிஸ்தி (நிலவரி) கட்ட முடியாமல் மிராசுதார்களே நிலத்தை அடகு வைத்தார்கள். அதே 1934இல்தான் மேட்டூர் அணை திறக்கிறது. தண்ணீர் நிச்சயம் என்ற நம்பிக்கை வருகிறது, ஆனால் கையில் பணம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் வீடு வாங்கி, இங்கிலாந்து இரும்பு போட்டு முகப்பு வைக்கிறவர் விளைவித்தவராக இருக்க முடியாது. வட்டிக்குக் கொடுத்தவராகவோ, நெல் மண்டிக்காரராகவோதான் இருப்பார். அந்த வீடே ஒரு கடனுக்காகக் கைமாறியிருக்கலாம்.

1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய கடன்களை வெட்டியது. தனியாக வட்டிக்கு விடுவது ஆபத்து என்று ஆனதும் பலர் பணத்தை வங்கிப் பக்கம் திருப்பினார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் சின்னச் சின்ன வங்கிகள் இருந்தன, இப்போது பெயர்கூடத் தெரியாது.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9:30

கும்பகோணம் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். பேங்க் என்றாலே அங்கிருந்துதான் ஆரம்பம் என்பார் அப்பா.

கடைமடை | ஞாயிறு, இரவு 10:11

ஆரம்பம் அங்கிருந்து மட்டும் இல்லை, ஆனால் நல்ல உதாரணம். கும்பகோணம் பேங்க் 1904 அக்டோபரில் தொடங்கியது. அதாவது சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906இல் திவாலாகி ஊரையே அழவைத்ததற்கு இரண்டு வருஷம் முன்னால். அந்தத் திவாலுக்கு அப்புறம்தான் நம் திருவிடைமருதூர்க்காரர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்நின்று 1907இல் இந்தியன் பேங்க் வந்தது.

கும்பகோணம் பேங்க் அவசரப்படவே இல்லை. முதல் கிளையை மன்னார்குடியில் திறந்தது 1930இல். கால் நூற்றாண்டு ஒரே இடத்தில்! பிறகு 1957இல் காமன்வெல்த் பேங்க் என்ற சிறு வங்கியை எடுத்துக்கொண்டபோது ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான், ஜெயங்கொண்டசோழபுரம், அரியலூர் என்று ஐந்து கிளை சேர்ந்தது. (கொத்துக்கரண்டியின் ஓட்டு கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர்தான் ஒன்று.) 1965இல் சிட்டி ஃபார்வர்ட் பேங்க், யூனியன் பேங்க் என்று இரண்டு உள்ளூர் வங்கிகளும் அதனோடு சேர்ந்தன. அப்படித்தான் பெயரில் 'சிட்டி யூனியன்' வந்தது. 1987இல் முன்னால் இருந்த 'கும்பகோணம்' போய்விட்டது. தலைமையகம் மட்டும் இன்னும் கும்பகோணத்தில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, வலங்கைமான் மாதிரி, குடவாசல் மாதிரி ஊர்களில்கூட 57க்கு முன்பே பேங்க் கிளை இருந்திருக்கிறது. அவ்வளவு சின்ன வியாபாரத்துக்கு யார் தனிக் கட்டடம் கட்டுவார்கள்? வாடகைக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்.

பாசஞ்சர்_வண்டி | திங்கள், காலை 6:55

சென்னை பீச் ரோடு ஸ்டேட் பேங்க் மாதிரி நமக்கு ஒன்று ஏன் இல்லை என்று நான் யோசித்தது உண்டு. சிவப்புக் கல், கோபுரம், வண்ணக் கண்ணாடி.

கொத்துக்கரண்டி | திங்கள், காலை 7:20

அது ஸ்டேட் பேங்க்குக்கு முன்னோடியான மெட்ராஸ் பேங்க்குக்காக ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1897. ராஜதானியின் பணம் மொத்தமும் வந்து சேர்கிற இடம், அதற்கேற்ற தோரணை. நம் ஊர் பேங்க்குக்கு வந்தது எள்ளுக்கும் உளுந்துக்கும் நெல்லுக்கும் கொடுத்த கடன். எனக்குக் கேட்டால் இர்வின் கட்டடத்தை விட நெல் அறையை ஸ்ட்ராங் ரூம் ஆக்கியதுதான் சுவாரசியம். அதை வரைந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

வீட்டுக்காரன் | திங்கள், இரவு 8:45

நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். அந்தக் கட்டடம் எங்கள் குடும்பத்துடையது. கோபம் இல்லை, ஓட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை சொன்னது கொஞ்சம் சுருக்கென்றாலும் பாதி உண்மை. கொள்ளுத்தாத்தா நெல் மண்டி வைத்திருந்தார். 1933 கிரயப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. ஓட்டுவில்லை வீடு, கொல்லை, கிணறு, அதோடு நெல் உள் ஒன்று என்று அதில் தெளிவாக இருக்கிறது. விற்றவருக்கு எங்களிடம் கடன் இருந்ததா என்று பத்திரத்தில் இல்லை. ஆனால் விலையில் பெரும்பகுதி முன்பே பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறது. அர்த்தம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் முன்கட்டு வைத்தார்கள்.

முதலில் குடிவந்தது ஒரு ஊர் பேங்க். பின்னால் இருந்த எங்கள் கிட்டங்கியையும் (சரக்குக் கிடங்கு) சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்கள். மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை பேங்க்கில் கொடுத்துவிட்டுக் கடன் வாங்குவது அப்போது வழக்கம். 60களில் அந்த பேங்க்கைப் பெரிய பேங்க் ஒன்று எடுத்துக்கொண்டது. 69 ஜூலையில் பெரியதும் அரசுடைமையானது. போர்டு மூன்று முறை மாறியது, வாடகைதான் மாறவில்லை.

இடிக்காதே என்று சொல்வது சுலபம். ஒழுகினால் நாங்கள் பார்க்க வேண்டும், விரிசல் விட்டால் நாங்கள் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து பல வருஷம் பழைய வாடகையிலேயே இருந்தார்கள். ஏசிக்குத் துளை போட்டபோது கேட்கவில்லை, யானையின் துதிக்கையை உடைத்தபோதும் கேட்கவில்லை. கஜா புயலில் முற்றத்துத் தகரம் பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தது, அதற்கும் நாங்கள்தான். இப்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் நாலு பங்காளிகள். மூன்று பேர் இடிக்கச் சொல்கிறார்கள்.

டோக்கன்_27 | திங்கள், இரவு 9:20

வீட்டுக்காரர் தம்பிக்கு: நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. உள்ளே வேலை பார்த்த நாங்களும் அந்தச் சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியவர்கள்தான்.

கீழத்தெரு | செவ்வாய், காலை 5:50

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த எங்கேயும் போகாத கருங்கல் படியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆயா அந்தச் சந்து வாசலில்தான் நெல் இறக்கியவர். கூலிக்கு மூட்டையைத் தலையில் தூக்கி, அந்தப் படியில் ஏறி, உள்ளே போகாமல் வாசலிலேயே கவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். முன்பக்கத்து ஐந்து படியில் ஏறியதே இல்லை. ஏற வேண்டிய வேலையும் இல்லை, ஏற விடவும் மாட்டார்கள். திண்ணையைப் பற்றிப் பேசுகிறோமே, அது எல்லோரும் உட்கார்ந்த திண்ணை இல்லை.

அரசுடைமை ஆன பிறகு, 70களில், ஏழைகளுக்கு நாலு சதவீத வட்டியில் கடன் என்று ஒரு திட்டம் வந்தது. ஆயாவுக்கு ஆடு வாங்கக் கடன் தருகிறோம் என்று ஊருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பேங்க்குக்குப் போன அன்று நேராகச் சந்துக்குத்தான் போயிருக்கிறார். வாசலை அடைத்துவிட்டார்கள் என்று தெரியாது. படியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம் பியூன் வந்து பார்த்து, 'இங்கே ஏன் ஆயா உட்கார்ந்திருக்கிறாய், முன்னாடி வா' என்று கூட்டிப்போனாராம். அந்த ஐந்து படியை ஏறியதை ஆயா சாகும்வரைக்கும் சொல்வார். ஆட்டைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார். இரண்டு குட்டி போட்டது, ஒன்று செத்தது, அவ்வளவுதான்.

கைநாட்டு வைத்ததும் பெருவிரல் மையை எங்கே துடைப்பது என்று தெரியாமல், எல்லோரும் துடைத்த சுவரில் அவரும் துடைத்தாராம்.

டோக்கன்_27 | செவ்வாய், காலை 6:30

அம்மா (அல்லது ஐயா), அந்தச் சுவர் எனக்குத் தெரியும். நகைக்கடன் மேஜைக்கு வலப்பக்கம், தரையில் இருந்து நாலடி உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு முழுக்க ஊதா மையும் கறுப்பு மையும். துணி வைத்திருப்போம், யாரும் துணியில் துடைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவை வெள்ளையடித்த பிறகும் ஒரு வாரம் சுத்தமாக இருக்கும். முதல் ஆள் ஒரு தீற்றுத் தீற்றினால் போதும், மாசக் கடைசிக்குள் பழையபடி ஆகிவிடும். சம்பா நடவுக்கு நகையை வைத்து, தை அறுவடைக்கு மீட்பார்கள். அதனால் புரட்டாசி, ஐப்பசியிலும் பொங்கலுக்கு அப்புறமும் அந்தச் சுவர் ரொம்பக் கறுத்திருக்கும். சுவரைப் பார்த்தே பருவம் சொல்லலாம்.

ஆயா உட்கார்ந்திருந்தது நான் சேருவதற்கு முன்னால். கூட்டிப்போன பியூன் யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் போட வேண்டாம். அவரும் இப்போது இல்லை.

கடைமடை | செவ்வாய், காலை 9:00

நான் சொல்ல வந்ததெல்லாம் இதற்கு முன்னால் வெறும் கணக்கு.

கொத்துக்கரண்டி | செவ்வாய், பகல் 1:15

கீழத்தெரு எழுதியதற்கு அப்புறம் செங்கல் பேச்சு எடுக்கச் சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் வீட்டுக்காரருக்கு ஒரு தகவல், பங்காளிகளிடம் காட்டலாம்.

கட்டடம் பலவீனம் என்று நினைக்கிறீர்கள். பாசஞ்சர் அனுப்பிய படங்களில் நான் பார்த்த அளவில் பிரச்சினை சுவரில் இல்லை, மேலே பூசிய சிமெண்டில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையில் இருந்து ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, அதற்கும் மேல் பெயிண்ட் அடித்தால் ஈரம் போக வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, பூச்சு பொருமி, சப்பாத்தி மாதிரிப் பெயர்ந்து விழும். பார்க்கிறவர்களுக்குச் சுவரே உளுத்துவிட்ட மாதிரித் தெரியும். கீழே நாலடிக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினால் இரண்டு கோடையில் காய்ந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பழைய வீடுகளை இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு எடுத்துச் சீர்செய்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முன்ஹால் டெரஸில் ஒரு தேக்குச் சட்டம் மட்டும் செல்லரித்த மாதிரி தெரிகிறது. அதையும் நேரில் தட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்காரன் | செவ்வாய், இரவு 10:40

இடிக்கிற காண்ட்ராக்டர் இன்று வந்திருந்தார். அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள். தேக்குக்கு ஒரு விலை, இரும்பு உத்திரத்துக்கு ஒரு விலை, நாலு தூணுக்குத் தனி விலை (யாரோ ரிசார்ட்டுக்குக் கேட்கிறார்களாம்). ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் ஒன்றும் கிடையாது. ஸ்ட்ராங் ரூமைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதை உடைக்க நாங்கள் அவருக்குத் தர வேண்டும் என்றார். நெல் அறைச் சுவர், அதற்குள் பேங்க் கட்டிய சுவர், நடுவில் கம்பி. 'இதை உடைக்கிற கூலியில் இன்னொரு அறை கட்டிவிடலாம் சார்' என்றார். மூன்றாவது பங்காளி அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தார்.

முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. முன்பக்கத்தைக் கடைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டை அப்படியே வைக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மார்கழிக்குள் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் காண்ட்ராக்டர் காத்திருக்கிறேன் என்றிருக்கிறார்.

உள்ளே போய்ப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன், டோக்கன் சார் சொன்ன இடத்தில். வெள்ளை, அடியில் ஊதா, மறுபடி வெள்ளை, மறுபடி ஊதா. ஏழு வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் நகம் வலித்தது.

கீழத்தெரு | செவ்வாய், இரவு 11:02

மேலும் சுரண்டாதீர்கள். நான் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கொத்துக்கரண்டி | புதன், காலை 6:10

இந்த ஞாயிறு நானும் வருகிறேன். டேப், சுத்தியல், தூக்குக்குண்டு எல்லாம் எடுத்து வருவேன். சுவரை அளந்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிடலாம், கட்டணம் வேண்டாம், சாப்பாடு போதும். வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால் பின்வாசல் சாவி யாரிடம் வாங்குவது?

வீட்டுக்காரன் | புதன், காலை 7:35

பின்வாசலுக்குச் சாவி கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. தாழ்ப்பாளும் துருப்பிடித்துப் போச்சு, தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும்.

டோக்கன்_27 | புதன், காலை 7:50

பதினோரு வருஷம் இரண்டு சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறந்தோம் தம்பி. இதை அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லையே!